ஏட்டில் ஏறிய பெயர்கள்
காரைக்காலின் பிரஞ்சுக் கொம்யூன்களும் நமது பங்கும்



நம் ஆண்டவருடைய பிறப்பின் வரலாற்றைப் புனித லூக்காஸ் ஒரு பதிவேட்டின் செய்தியோடு தொடங்குகிறார். அகுஸ்து இராயனின் கட்டளைப்படி குடிகள் யாவரும் தத்தம் சொந்த ஊருக்குச் சென்று பெயர் கொடுக்க வேண்டியிருந்தது. நாசரேத்தூர்த் தச்சரான சூசையப்பர் நிறைமாதக் கன்னிமரியாளை அழைத்துக்கொண்டு பெத்லகேமுக்கு நடந்தது அதற்காகத்தான். சத்திரத்தில் இடம் கிடைக்காத அந்த ஏழைக் குடும்பத்துக்கு அரசாங்கத்தின் ஏட்டில் ஓர் இடம் இருந்தது.

ஜூபிலி ஆண்டில் பழைய ஏடுகளைப் புரட்டுவது எல்லாப் பங்குகளிலும் உள்ள வழக்கம். அப்படிப் புரட்டும்போது ஏடு எதற்கு, அதில் யார் பெயர் ஏறியது, யார் பெயர் ஏறாமல் போயிற்று என்று சிந்திப்பது நல்லது. அதற்கு உதவியாக, காவிரிக் கடைமடையில் உள்ள காரைக்கால் என்னும் சிறு நிலப்பகுதியின் வரலாற்றை இங்கே எழுத முற்படுகிறேன். தென்காசிக்கும் காரைக்காலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு உண்டு. அதைப் போகப் போகக் காண்போம்.

எல்லைக்கு அப்பால் வேறு ஆட்சி

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. 1956 நவம்பர் 1ஆம் நாள் வரையில் நமக்குப் பக்கத்துச் செங்கோட்டை, முதலில் திருவிதாங்கூர் அரசையும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தையும் சேர்ந்திருந்தது. தென்காசியில் பெண் எடுத்துச் செங்கோட்டையில் வாழ்ந்தவர்களுக்கு மொழி ஒன்று, உறவு ஒன்று, ஆட்சி மட்டும் வேறு. காரைக்கால் மக்களின் நிலையும் அதுவே. சுற்றிலும் ஆங்கிலேயரின் தஞ்சாவூர் ஜில்லா. நடுவில் ஏறக்குறைய 160 சதுர கிலோமீட்டர் மட்டும் பிரஞ்சு நாடு.

காரைக்கால் அம்மையாரின் ஊர் என்றும், திருநள்ளாற்றுக் கோவில் உள்ள பகுதி என்றும் தமிழகம் முழுதும் இதை அறியும். வேளாங்கண்ணிக்குச் செல்லும் நம் மக்கள் நாகப்பட்டினத்திலிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் சென்றால் காரைக்காலை அடையலாம். புதுச்சேரியில் துய்மா கவர்னராக இருந்தபோது, 1739இல், தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து இது பிரஞ்சுக் கம்பெனியின் கைக்கு வந்தது. பின்னர் நடந்த போர்களில் ஆங்கிலேயர் பலமுறை பிடிப்பதும் உடன்படிக்கைப்படி திருப்பிக் கொடுப்பதுமாக இருந்து, கடைசியாக 1817இல் பிரஞ்சுக்காரரிடம் திரும்பியது. அதுமுதல் 1954 வரையில் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் என்ற ஐந்து பிரஞ்சுப் பகுதிகளுள் ஒன்றாக அது விளங்கியது. கவர்னர் புதுச்சேரியில் இருந்தார். அவருக்குக் கீழ் ஒரு நிர்வாகி காரைக்காலில் இருந்தார்.

புதுச்சேரியும் நம் முன்னோரும்

நம் பகுதி ஒருநாளும் பிரஞ்சு ஆட்சியில் இருந்ததில்லை. ஆனால் நம் முன்னோருடைய விசுவாச வாழ்வு சில காலம் புதுச்சேரியிலிருந்து கவனிக்கப்பட்டது. தத்துவ போதகர் 1606இல் தொடங்கிய மதுரை மிஷன், 1773இல் இயேசு சபை தடை செய்யப்பட்டபோது மேய்ப்பர் இல்லாத மந்தையாயிற்று. அப்போது புதுச்சேரியில் பொறுப்பேற்றவர்கள் பாரீஸ் அந்நிய வேதபோதக சபைக் குருக்கள். எஞ்சியிருந்த சிலரும் இவர்களும் சேர்ந்து பெரும் நிலப்பரப்பைப் பார்க்க வேண்டியதாயிற்று. கோவா அதிகாரத்தைச் சார்ந்த குருக்களோடு தகராறுகளும் ஏற்பட்டன.

1836இல் புதுச்சேரி, சோழமண்டலக் கரையின் அப்போஸ்தலிக்க விக்காரியத்து ஆயிற்று. மீண்டும் உயிர் பெற்ற இயேசு சபையிலிருந்து பெர்த்ராந்து, கார்னியே முதலிய நான்கு பிரஞ்சுக் குருக்கள் 1838இல் மதுரை நாட்டுக்கு வந்து சேர்ந்தனர். 1846இல் மதுரை தனி விக்காரியத்தானது. மறு ஆண்டில் கனோஸ் ஆண்டகை அதன் முதல் மேற்றிராணியாரானார். பிறகு திருச்சி மறைமாவட்டம், 1938இல் மதுரை மறைமாவட்டம், 1973இல் நம் பாளையங்கோட்டை மறைமாவட்டம் என்று கிளை கிளையாகப் பிரிந்து வளர்ந்தது. ஆகவே நம் மறைமாவட்டத்தின் வேரைத் தேடிச் செல்பவன் வழியில் புதுச்சேரியைக் காணாமல் போக முடியாது. நமக்கு ஞானஸ்நான ஏடு எழுதக் கற்றுக் கொடுத்தவர்களுள் பலர் பிரான்ஸ் நாட்டுக் கிராமங்களில் பிறந்த குருக்களே.

கொம்யூன் என்றால் என்ன?

பிரஞ்சுப் புரட்சிக்குப் பிறகு பிரான்ஸ் நாட்டின் ஒவ்வோர் ஊரும் ஒரு கொம்யூன் ஆயிற்று. பழைய கோவில் பங்குகளின் எல்லையே பெரும்பாலும் கொம்யூனின் எல்லையாக அமைந்தது. பங்குக்குப் பங்குத் தந்தை இருப்பதுபோல் கொம்யூனுக்கு மேர், அதாவது நகரத் தலைவர் உண்டு. அவருடைய அலுவலகத்துக்கு 'மேரி' என்று பெயர். நம் அன்னையின் பெயர் என்று எண்ணிவிடக் கூடாது! புதுச்சேரி, காரைக்கால் மக்களின் பேச்சில் அந்தச் சொல் இன்றும் வழங்குகிறது.

இந்த முறையை 1880 மார்ச் 12ஆம் நாள் ஆணையின் மூலம் பிரஞ்சு அரசு இந்தியப் பகுதிகளுக்கும் கொண்டுவந்தது. ஐந்து பகுதிகளிலும் சேர்த்து 10 கொம்யூன்கள் ஏற்பட்டன. அவற்றுள் காரைக்கால், கிராந்த் அல்தே, நெடுங்காடு ஆகிய மூன்றும் காரைக்கால் பகுதியில் இருந்தன. கிராந்த் அல்தே என்பது நம் திருமலைராயன்பட்டினமே. 'அல்தே' என்பது ஊர் என்று பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. 'பெரிய ஊர்' என்பது அதன் கருத்து. 1907இல் கொம்யூன்களின் எண்ணிக்கை 17 ஆக உயர்ந்தது. அப்போது திருநள்ளாறு, நிரவி, கோட்டுச்சேரி என்பவையும் தனித்தனிக் கொம்யூன்களாகி, காரைக்கால் பகுதிக்கு ஆறு கொம்யூன்கள் ஆயின.

ஒவ்வொரு கொம்யூனிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆலோசனைச் சபை இருந்தது. சாலை, விளக்கு, சந்தை, துப்புரவு முதலியவற்றை அது கவனித்தது. சொத்து உண்டா, வரி கட்டுகிறானா என்று பாராமல் வயது வந்த ஆண் எவனும் வாக்களிக்கலாம் என்பது அங்கே சட்டம். ஆங்கிலேயர் ஆண்ட நம் பகுதியில் ரிப்பன் பிரபு உள்ளூர் ஆட்சி பற்றிய தீர்மானம் வெளியிட்டது 1882இல்தான். வயது வந்த எல்லாரும் வாக்களிக்கும் உரிமையோ 1952 பொதுத் தேர்தலில்தான் நம் தாத்தா பாட்டிமாருக்குக் கிடைத்தது. நெடுங்காட்டு உழவன் அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே வாக்குச் சீட்டைக் கையில் பிடித்துவிட்டான்.

பிறப்பு, திருமணம், இறப்பு

ஆனால் சாமானிய மக்களின் வாழ்வில் கொம்யூன் ஆழமாகப் பதிந்தது சாலையாலும் விளக்காலும் அன்று, ஏட்டினாலேயே. அதே 1880ஆம் ஆண்டு ஏப்ரல் 24இல் வந்த மற்றோர் ஆணை, பிரான்சின் குடிமைப் பதிவுச் சட்டத்தை இந்தியருக்கும் பொருத்தியது. குழந்தை பிறந்தால் மேரிக்குச் சென்று சொல்ல வேண்டும். திருமணமும் இறப்பும் அவ்வாறே. தந்தை பெயர், தாய் பெயர், ஊர், நாள், சாட்சிகள் எல்லாம் முறையாக எழுதப்படும்.

இந்த முறை திருச்சபைக்குப் புதிதன்று. திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1563இல் திருமண ஏட்டைக் கட்டாயமாக்கியது. 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல், ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், திருமணம், இறப்பு, பங்கின் குடும்ப நிலை என ஐந்து ஏடுகளை வைக்கச் சொன்னது. புதுச்சேரிக் குருக்கள் 17ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்தே இவ்வேடுகளை எழுதி வந்தனர். பிரான்சிலும் புரட்சிக்கு முன்னர் பங்கு ஏடே அரசாங்க ஏடு. பின்னர் அரசாங்கம் அந்த வேலையைக் குருவின் கையிலிருந்து மேரின் கைக்கு மாற்றிக்கொண்டது. பேனா மாறியதே தவிர வேலை மாறவில்லை.

அக்காலத்தில் நில உரிமை உள்ளவன் பெயர் கணக்குப்பிள்ளையின் ஏட்டில் இருந்தது. நிலமில்லாதவன் பெயரும் அவன் மனைவியின் பெயரும் எங்கே இருந்தன? ஒன்று கோவில் ஏட்டில், அல்லது கொம்யூன் ஏட்டில். வயலில் நாற்று நட்ட ஒரு தாயின் பெயர் தேதியோடும் சாட்சியோடும் எழுதப்பட்டது என்றால், அவளும் ஒரு மனுஷி, அவள் பெற்ற பிள்ளைக்கு வேர் உண்டு என்று ஒருவர் ஒப்புக்கொண்டார் என்பது பொருள்.

பெயரை மாற்றிக்கொண்டவர்கள்

இதன் தொடர்ச்சியாக ஒரு விசித்திர நிகழ்ச்சி நடந்தது. புதுச்சேரியில் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் கிறிஸ்தவ வக்கீல் 1873இல் மேல்நாட்டுக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குச் சென்றார். இந்தியர் அப்படி வரக் கூடாது என்று அவரைத் தண்டித்தார்கள். அவர் பாரீஸ் மேல் நீதிமன்றம் வரை வழக்காடி வென்றார். காலணி சிறு பொருள்தான். ஆனால் வழக்கு காலணியைப் பற்றியதன்று, மதிப்பைப் பற்றியது.

1881 செப்டம்பர் 21இல் ஓர் ஆணை வந்தது. இந்தியர் எவரும் விரும்பினால் தம் சாதி, குல வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்கலாம். அப்போது ஒரு குடும்பப் பெயரையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றது. பொன்னுத்தம்பி முதலில் முன்வந்து 'லாப்போர்த்' என்று பெயர் பூண்டார். 'வாசல்' என்பது அதன் பொருள். அந்த வாசல் வழியே பலர் நுழைந்தனர். அவர்களில் மிகுதியானோர் தாழ்த்தப்பட்ட வகுப்புக் கிறிஸ்தவர்கள். பழைய பெயர் அவர்களுக்குச் சேரியையும் சுமையையும் நினைவூட்டியது. ஏட்டில் ஏறும் புதிய பெயர் தம் பிள்ளைகளுக்கு வேறு வழி திறக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். அது வீண் நம்பிக்கை அன்று. அரசாங்க வேலையும் பட்டாளமும் அவர்களுள் பலருக்குத் திறந்தன.

ஆயினும் குறை நீங்கவில்லை. சட்டத்தில் சமத்துவம் இருந்தது, பட்டியலில் இல்லை. 1880இல் ஐரோப்பியருக்கு ஒரு வாக்காளர் பட்டியல், இந்தியருக்கு ஒரு பட்டியல். மிகச் சிலராகிய ஐரோப்பியருக்கும் ஆயிரக்கணக்கான இந்தியருக்கும் ஒத்த இடங்கள். குலச் சட்டத்தைத் துறந்தவர்கள் தாங்களும் முதற் பட்டியலில் சேர வேண்டியவர்களே என்று உரிமை கேட்டபோது, 1884இல் அவர்களுக்கென்று மூன்றாவது பட்டியல் ஒன்றை உண்டாக்கினார்கள். சகோதரத்துவம் என்று சுவரில் எழுதிய அரசாங்கம், தன் பக்கத்தில் இடம் கொடுக்க மனம் வராமல் புதுப் பந்தி போட்டது. 1899இல் மீண்டும் இரண்டு பட்டியல். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில்தான் பட்டியல் ஒன்றாகிப் பெண்களும் வாக்களித்தனர். இடையில் தேர்தல் என்றாலே அடிதடியும் கள்ள வாக்கும் என்ற கெட்ட பெயரும் கொம்யூன்களுக்கு வந்தது. நல்லது கெட்டது இரண்டையும் சொல்வதே வரலாறு.

கோவிலுக்குள் இருந்த சுவர்

அரசாங்கத்தை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் நழுவிவிட முடியாது. புதுச்சேரிச் சம்பா கோவிலுக்குள் சாதியின்படி மக்களைப் பிரிக்கும் சுவர் இருந்ததையும், 1745இல் அது இடிக்கப்பட்டதையும், அதனால் எழுந்த கலகத்தையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அந்த மாற்றத்துக்குத் தூண்டுகோலாக நின்றவர் காரைக்காலிலிருந்து வந்த ஒரு குரு என்பது கவனிக்கத்தக்கது.

இது எங்கோ தொலைவில் நடந்தது என்று எண்ண வேண்டாம். நம் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய ஆலயம், ஒரே பீடத்தை நோக்கி இரு கால்கள் போல் விரிந்த இரண்டு மண்டபங்களைக் கொண்டது. இரு சாதியார் ஒருவரையொருவர் பாராமல் ஒரே திருப்பலியைக் காண வேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டினார்கள். 1910இல் தடுப்புகள் அகற்றப்பட்டபோது, தங்கள் தனி இடம் பறிபோயிற்று என்று ஒரு சாரார் ஆண்டகை மீது வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும், கோவிலுக்குள் சாதி உரிமை உண்டு என்ற வாதம் நிலைக்கவில்லை. அந்தத் தடுப்புகளை எழுப்ப இடம் கொடுத்தவர்களும், பிறகு அகற்றியவர்களும் பிரஞ்சு இயேசு சபைக் குருக்களே. முதலில் மக்கள் மனம் போன போக்கில் விட்டார்கள். பின்னர் நற்செய்தியின் போக்குக்கு வந்தார்கள்.

ஒன்றை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். சுவர் இருந்த காலத்திலும் ஞானஸ்நான ஏடு ஒன்றுதான். சுவருக்கு இப்புறத்தாரும் அப்புறத்தாரும் ஒரே ஏட்டில், பிறந்த வரிசைப்படி, ஒருவருக்குக் கீழ் ஒருவராக எழுதப்பட்டார்கள். கோவில் கட்டடம் ஒப்புக்கொள்ளாத உண்மையைக் கோவில் ஏடு ஒப்புக்கொண்டது.

கீழூரில் 178 பேர்

இந்தியா விடுதலை பெற்ற பின்னரும், சந்திரநாகூர் நீங்கலாக, பிரஞ்சுப் பகுதிகள் ஏழு ஆண்டுகள் அப்படியே இருந்தன. 1954 மார்ச்சில் கொம்யூன் மேர்கள் இந்தியாவோடு இணைய வேண்டும் என்று தீர்மானம் செய்தபோதுதான் நிலைமை மாறிற்று. மார்ச் இறுதியில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. பிரஞ்சு அரசும் இந்திய அரசும் பேசி, மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளிடம் முடிவை விட்டன. அந்த ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் புதுச்சேரியை அடுத்த கீழூரில் சட்டசபை உறுப்பினரும் கொம்யூன் சபை உறுப்பினருமாக 178 பேர் கூடினர். இணைப்புக்கு ஆதரவாக 170 பேரும் எதிராக 8 பேரும் வாக்களித்தனர்.

பீரங்கி முழங்கவில்லை. தெரு விளக்குக்கும் சந்தைக்கும் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்ப் பிரதிநிதிகளே ஒரு நிலத்தின் தலைவிதியைத் தீர்மானித்தார்கள். நவம்பர் 1ஆம் நாள், நாம் சகல புனிதர்களின் திருநாளைக் கொண்டாடும் அதே நாளில், ஆட்சி கைமாறியது. ஒப்பந்தம் 1956இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படி நிறைவேறியது. இரண்டு ஆண்டு கழித்து, 1956இல், அதே நவம்பர் 1இல் செங்கோட்டை நம்மோடு இணைந்ததையும் இங்கே நினைவுகூரலாம்.

'கொம்யூன்' என்ற பெயர் மறையவில்லை. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவை கொம்யூன் பஞ்சாயத்துகளாகவும் நகராட்சிகளாகவும் மாறின. ஆனால் 1968இல் நடந்த தேர்தலுக்குப் பிறகு அங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல்தான். முப்பத்தெட்டு ஆண்டுகள் பெயர் இருந்தது, உயிர் இல்லை. மக்கள் கூடிப் பேசாத சபை வெறும் அலுவலகமாகிவிடும் என்பதற்கு இது ஒரு சான்று.

கட்டடமும் ஏடும்

1962இல் ஒப்பந்தம் நிறைவேறியபோது, விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. ஏறக்குறைய 5000 பேர் அவ்வாறு செய்தனர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் பலர் இன்று பிரான்சில் வாழ்கிறார்கள். அன்று முதல் கொம்யூன் ஏட்டின் ஒரு வரி பல குடும்பங்களின் வாழ்வைத் தீர்மானித்தது. பாட்டனின் பிறப்புப் பதிவு கிடைத்தால் ஒரு வழி, கிடைக்காவிட்டால் ஒரு வழி. ஒரே பெயரைத் தந்தையின் பதிவில் ஒருவிதமாகவும் மகனின் பதிவில் வேறுவிதமாகவும் எழுத்தர் எழுதிவிட்டதால் அலைந்தவர்களும் உண்டு.

புதுச்சேரிக் கடற்கரையில் நின்ற பழைய மேரிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே இடத்தில் அதே தோற்றத்தில் அதைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். கட்டடத்தைத் திரும்பக் கட்டலாம். கரையான் அரித்த ஏட்டைத் திரும்ப எழுத எந்தக் கொத்தனாராலும் இயலாது.

நம் பங்குக்கு

ஜூபிலி என்றதும் கோபுரம், கொடிமரம், புதுப் பீடம் என்று நினைவு ஓடுகிறது. அவை வேண்டியவையே. அவற்றோடு மூன்று காரியங்களையும் நாம் செய்வோமாக.

முதலாவது, ஏடுகளைக் காப்போம். ஞானஸ்நானம், திருமணம், இறப்பு ஆகிய ஏடுகள் ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும், பழைய ஏடுகளும் கவனமாகப் பாதுகாக்கப்பட வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 535ஆம் எண்ணில் கூறுகிறது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் சாரல் வரம்தான். காகிதத்துக்கு அது பகை. ஈரம் படாத அலமாரி, ஆண்டுக்கொரு முறை வெயில் காட்டுதல், பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்தல் ஆகியவை பெருஞ்செலவில்லாத வேலைகள். படித்த நம் இளைஞர்கள் ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடலாம். பெற்றோரும் பிள்ளையின் பெயரைப் பள்ளியில் ஒன்று, கோவிலில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று கொடுக்காமல் ஒரேவிதமாகக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, பங்குப் பேரவையை உயிருள்ளதாக்குவோம். நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். மேய்ப்புப் பணிப் பேரவையையும் அது விரும்புகிறது. ஆண்கள் மட்டும், ஒரு தெருவார் மட்டும், பணமுள்ளவர் மட்டும் அமரும் பேரவை, பழைய இரட்டைப் பட்டியலின் மறுபதிப்பே. பீடிக் கடையில் வேலை செய்யும் பெண்ணும், செங்கல் சூளைக்குப் போகும் குடும்பத்தானும் அதில் வாய் திறந்து பேசும் நாள் வர வேண்டும்.

மூன்றாவது கடினமானது. கற்சுவர்கள் பல இடங்களில் விழுந்துவிட்டன. ஆனால் கல்லறைத் தோட்டத்திலும், தேர் இழுப்பதிலும், திருவிழா வரி வாங்குவதிலும் இன்னார் இனியார் என்று பிரிக்கும் வழக்கம் தமிழகத் திருச்சபையில் முற்றும் ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியவில்லை. ஞானஸ்நான ஏட்டில் அடுத்தடுத்த வரியில் இருப்பவர்கள் கல்லறையில் மட்டும் தள்ளித் தள்ளிப் படுப்பது என்ன நியாயம்? லாப்போர்த் தம் பெயரை மாற்றிக்கொண்டு தேடிய மதிப்பை, நாம் யாரும் பெயரை மாற்றாமலேயே திருமுழுக்குத் தண்ணீரில் பெற்றிருக்கிறோம். பெற்றதை மறுக்கும் உரிமை நம்மில் எவருக்கும் இல்லை.

இராயனின் ஏடு அழிந்தது. பிரஞ்சுக் கவர்னர்களின் காலமும் போயிற்று. தம் சீடர்களைப் பார்த்து ஆண்டவர், உங்கள் பெயர்கள் விண்ணகத்தில் எழுதப்பட்டிருப்பதற்காக மகிழுங்கள் என்ற கருத்தில் பேசினார். அங்கே இரண்டாம் பட்டியலும் இல்லை, மூன்றாம் பட்டியலும் இல்லை. அந்த ஏட்டின் சாயல் நம் பங்கு ஏட்டிலும் பங்கு வாழ்விலும் காணப்படுமாறு, நம் ஜூபிலி ஆண்டை இறைவன் ஆசீர்வதிப்பாராக. நமக்கு முன் இம்மண்ணில் விசுவாசத்தோடு வாழ்ந்து, பெயர் எழுதப்பட்டும் எழுதப்படாமலும் மறைந்த அனைவரும் அவருடைய சமாதானத்தில் இளைப்பாறுவார்களாக. ஆமென்.